உன் அத்தை சொன்ன மூன்று புத்தகங்கள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய வலது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி யார் பேச்சையும் கேட்காமல் வலித்துக்கொண்டிருக்கிறது. நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள், அவளுடைய இருமல் நின்றதா, நீ அந்தப் பாறைத் தீவுக்குப் படகேறும் நாட்களில் மாற்றுக் காலுறை எடுத்துப்போகிறாயா என்றெல்லாம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டேன். பதில் எழுதும்போது ஒவ்வொன்றாக எழுது, போன தடவை மாதிரி எல்லாம் நல்லபடி என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடாதே.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மதிய இடைவேளையில் வேலை மேஜையிலேயே பிரித்தேன், பசைக் கை என்றுகூடப் பார்க்கவில்லை, ஓரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மொத்தம் நாலு பக்கம். முதல் பக்கத்தில் காற்று, மழை, படகுக்காரர் குறட்டை. மீதி மூன்று பக்கமும் உன் அத்தை, மருமகளைப் பெற்ற மகராசி. அத்தை மூன்று புத்தகம் சொன்னார்கள், அத்தைக்கு எப்படித்தான் இவ்வளவு தெரியுமோ, அத்தை சொன்ன கடற்படை வரலாற்றைப் படித்த பிறகுதான் எல்லைக் குழுவில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் எதற்காக ஒரு பாறைக்கு இப்படி மல்லுக்கட்டுகிறார்கள் என்று புரிகிறது, அத்தை, அத்தை, அத்தை. கடைசியில் ஒரு வரி, அத்தை மாதிரி படிக்கிறவங்க நம்ம வீட்ல யாரும் இல்லையே என்று. அந்த வரியை மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அது அப்படியேதான் இருந்தது. முப்பத்தோரு வருஷமாக நூலகத்தில் வேலை பார்க்கிறவள் உன் அம்மா. புத்தகத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை, கிழிந்ததைத் தைத்து ஒட்டுகிற வேலை, ஒப்புக்கொள்கிறேன். ஒட்டுகிறவள் படிக்க மாட்டாள் என்று யார் உனக்குச் சொன்னது. பூசி மெழுகாமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. அப்பாவிடம் சொன்னேன், சம்பந்தியம்மா நல்லவங்கதானே, இப்ப என்ன ஆச்சு என்றார். நல்லவங்க என்பதுதானே தொல்லை, கெட்டவங்களாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன்.

நான் எப்படிப் படிக்கிறேன் என்று உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். ஒரு புத்தகத்தின் முதுகில் பசை வைத்து அழுத்தினால் அது காய முக்கால் மணி நேரம் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன் என்றா நினைத்தாய். அடுத்ததாகத் தைக்க வேண்டிய புத்தகம் பிரித்த நிலையில் இருக்கும், பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம், அந்தப் பாரத்தை எடுத்துப் படிப்பேன். சில சமயம் முடிவு முதலில் வரும், சில சமயம் நடு மட்டும் கிடைக்கும், எழுதியவர் பெயர் இருந்த தாளே போயிருக்கும். உன் அத்தை படிக்கிறது ஊரே படிக்கிற புத்தகம். அதெல்லாம் பலர் கை பட்டு, கிழிந்து, வருஷத்துக்கு ஒரு தடவை என்னிடம் வரும். யாரும் தொடாத புத்தகம் கிழியவே கிழியாது, அதனால் என் கைக்கும் வராது. நாலு வருஷத்துக்கு முன்னால் பின்கூடத்தில் குழாய் உடைந்து கீழ்த்தட்டு முழுக்க நனைந்ததே, நீகூட விடுமுறையில் வந்து வாளி தூக்கினாயே, அந்தத் தட்டில் இருந்ததெல்லாம் யாரும் தொடாத புத்தகங்கள். இருநூற்று நாற்பது. ஒவ்வொரு தாளையும் பிரித்துக் கொடியில் காயப்போட்டது நான். காய்கிற தாளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், புரட்டினால் கண் சும்மா இருக்குமா. அந்த இருநூற்று நாற்பதையும் படித்த ஆள் இந்த ஊரில் ஒருத்திதான், அவளை நம்ம வீட்ல யாரும் இல்லையே என்று எழுதிவிட்டாய்.

சரி, உன் அத்தையின் மூன்றுக்கு வருகிறேன். அந்தக் கடற்படை வரலாறு எனக்குத் தெரியும், இரண்டு தடவை தைத்திருக்கிறேன். எழுநூறு பக்கமும் தளபதிகள், எல்லோருக்கும் மீசை, எல்லோரும் தொலைநோக்கியோடு நிற்கிறார்கள். அதை விடு. நனைந்த தட்டில் ஒன்று இருந்தது, நீல அட்டை, போரே நடக்காத ஒரு கடற்படையின் வரலாறு. பதினொரு மாதம் எதிரி வருவான் வருவான் என்று ஒரு சின்னத் துறைமுகத்தில் காத்துக் கிடக்கிறார்கள், கப்பல் பாய் தைக்கிறவனும் நீர் இறைக்கிறவனும் தச்சனும்தான் கதை முழுக்க, எதிரி கடைசிவரை வரவில்லை, கப்பல்கள் நின்ற இடத்திலேயே அடிப்பலகை அரித்துப்போகின்றன. ஆள் இல்லாத பாறைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிற கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற உனக்கு எது உதவும், மீசையா இதுவா, நீயே சொல். அடுத்தது தூதரின் நினைவுக் குறிப்புகள். பக்கத்துக்குப் பக்கம் விருந்து, யார் யாருக்கு என்ன மாலை போட்டார்கள் என்று. ஐயா பெரிய மனிதர்தான், ஆனால் நீ தூதர் இல்லையே, பேசுவதை எழுதுகிறவன். உனக்கென்றே ஒன்று இருக்கிறது, ஒல்லியாக, பச்சை முதுகு, ஒரு பேச்சுவார்த்தைக் குழுவில் இருபது வருஷம் குறிப்பெழுதிய ஒரு அம்மா எழுதியது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று புத்தகம் முழுக்க அதுதான். சண்டை முற்றினால் இருவரும் மறுக்க முடியாத ஒன்றை முதல் வரியாக எழுது, இன்று மழை பெய்தது என்றாவது எழுது, ஒரு வரிக்குச் சம்மதித்தவர்கள் இரண்டாவது வரிக்குப் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்கள் என்கிறாள். நூறு தூதர்களைக் கட்டித் தராசில் வைத்தாலும் அந்த அம்மாவுக்கு ஈடாகாது.

மூன்றாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்டவெளியில் தங்குவது எப்படி என்று ஒரு வண்ணப் படப் புத்தகம். கூடாரம் பளபள, கத்தி பளபள, ஆள் தலை கலையாமல் தீ மூட்டுகிறான். நீ கிளம்பும்போது நான் கொடுத்தேனே சாம்பல் நிறத் துணி அட்டைப் புத்தகம், அதைப் பற்றி இந்த ஏழு மாதத்தில் ஒரு வார்த்தை எழுதினாயா. முன் தாள்கள் போய் ஐந்தாம் பக்கத்தில் தொடங்குகிறது என்று நூலகமே வேண்டாம் என்று ஒதுக்கியதை, கேட்டு வாங்கி, ஒன்பது நாள் உட்கார்ந்து புதிதாகத் தைத்தேன். ஈர விறகில் தீ மூட்டுவது, மேகம் பார்ப்பது, கால் கொப்புளம் கட்டாமல் நடப்பது எல்லாம் அதில் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, வேறு புத்தகத்திலும் இருக்கும். அதில் முடிச்சுப் படங்கள் இருக்கின்றன பார், அத்தனையும் இடது கைக்காரர் போடுகிற முடிச்சு. வரைந்தவரும் உன்னை மாதிரி ஆள் போலிருக்கிறது. சின்ன வயதில் ஷூ நாடா கட்டத் தெரியாமல் எத்தனை தடவை அழுதாய், எதிரே உட்கார்ந்து காட்டினாலும் தலைகீழாகத்தானே போட்டாய். அந்தப் படங்களைப் பார்த்ததும் இது என் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தேன். உன் அத்தை சொன்ன புத்தகத்தில் எல்லாம் வலது கை. எப்படிக் கட்டுவாய், கண்ணாடியில் பார்த்தா.

இன்னொன்றும் செய்துவிட்டேன், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அந்த மீசைத் தளபதிப் புத்தகம் எங்கள் நூலகத்தில் ஒரு பிரதிதான் உண்டு. புதன்கிழமை காலை தட்டிலிருந்து எடுத்தேன், ஒரு குறையும் இல்லை, போன வருஷம் நான் தைத்த தையல் இரும்பு மாதிரி இருந்தது. பழுதுபார்ப்பில் உள்ளது என்று சீட்டு எழுதித் தட்டில் வைத்துவிட்டு, புத்தகத்தை என் அலமாரியில் போட்டுப் பூட்டினேன். யாரும் படிக்க வேண்டாம். கொஞ்ச நாள் கிடக்கட்டும். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, நாளை தொடர்கிறேன்.

நாளை என்று எழுதினேன், ஏழு நாள் ஆகிவிட்டது. மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாமா என்று பார்த்தேன். கிழிப்பது என் தொழில் இல்லை, அப்படியே இருக்கட்டும், படித்துச் சிரி. மறுநாளே உன் அத்தை நூலகத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தில் உங்கள் பாறை இருக்கிற கடல்வழியின் பழைய வரைபடம் ஒன்று இருக்கிறதாம், அதைப் பார்த்து வரைந்து உனக்கு அனுப்ப வேண்டுமாம். கவுண்டரில் இருக்கிற பெண், முத்திரையைக் கையை விட்டுக் கீழே வைக்கவே மாட்டாளே, அவளுக்கு நாங்கள் வைத்த பெயரே ரப்பர் ஸ்டாம்ப், அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, அக்காகிட்டதான் இருக்கு, உள்ள போய்ப் பாருங்கம்மா என்று நேராக என் அறைக்கு அனுப்பிவிட்டாள். நான் பசைக் கிண்ணத்தோடு திருதிருவென்று விழித்தேன். என்ன சம்பந்தி, புத்தகத்துக்கு உடம்பு சரியில்லையாமே என்று அந்தக் குரலில் கேட்டார்கள். அந்தக் குரல் இருக்கிறதே, இருபத்தாறு வருஷம் படகுத்துறை ஒலிபெருக்கியில் அறிவிப்பு சொன்ன குரல், அவர்கள் தாமதம் என்று சொன்னால்கூடப் பயணிகள் சந்தோஷமாகக் காத்திருப்பார்களாம். எனக்குத் தொண்டை கட்டிய காக்காய்க் குரல். தையல் விட்டுப்போச்சு சம்பந்தி என்றேன். ஐயோ, எங்கே பார்க்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மகனே, அப்போது நான் செய்ததை யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட. அலமாரியைத் திறக்கிற சாக்கில் அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சின்னக் கத்தியை எடுத்து, நல்லாயிருந்த புத்தகத்தின் தையலை அறுத்தேன். முதுகிலிருந்து நாலே நூல். நாலாவதற்குப் பாரங்கள் சரிந்து கையில் விழுந்தன. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒரு முழுசான தையலை அறுத்ததில்லை. கத்தி கை நழுவியது, எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. பார்த்தீங்களா என்று நீட்டினேன். அவர்கள் நூலின் நுனியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அடப்பாவமே என்று மட்டும் சொன்னார்கள்.

அறுத்தவள்தானே தைக்க வேண்டும். நாற்பத்து நாலு பாரம், மூன்று நாள் வேலை. மூன்று நாளும் உன் அத்தை வந்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், நூலுக்கு மெழுகு பூசித் தந்தார்கள், நான் தைத்து வைக்க வைக்க அடுத்த பாரத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தார்கள். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. மீசைத் தளபதிகள் அந்தக் குரலில் வந்தால் எனக்கே கொஞ்சம் பிடித்துவிடும் போலாகிவிட்டது, அதற்கும் எரிச்சல். இரண்டாவது நாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், போர் நடக்காத கடற்படை பற்றிச் சொல்லிவிட்டேன். அவர்கள் படிப்பதை நிறுத்திவிட்டு, அப்புறம், அப்புறம் என்று கேட்டார்கள். அப்புறம் குறிப்பெழுதுகிற அம்மா பற்றியும் சொன்னேன். நனைந்த தட்டு முழுவதையும் ஒப்பித்தேன் என்று வைத்துக்கொள். உங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கும்போது மாப்பிள்ளை ஏன் எனக்கு எழுதிக் கேட்டார் என்று அவர்களே கேட்டார்கள். அதைத்தானே நானும் கேட்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது நாள் கடைசிப் பாரம். அவர்கள் படித்துக்கொண்டே, அவர் கேட்டதைத் தவிர மத்ததெல்லாம் நான் சொன்னேன், என்ன பண்றது, அது கிடைக்கலையே என்றார்கள் சாதாரணமாக. எது கிடைக்கலை என்றேன். ஊர்ல இருக்கிற பழைய புத்தகக் கடை எல்லாம் ஏறி இறங்கிட்டேன் சம்பந்தி, சாம்பல் துணி அட்டையாம், பேரே கிடையாதாம், அஞ்சாம் பக்கத்துலதான் தொடங்குமாம், முடிச்செல்லாம் இடது கையிலயாம், அப்படி ஒரு புத்தகம் இருந்தா கடைக்காரனுக்குத் தெரியாதா என்றார்கள். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்கள். ஊசி என் விரலில் ஏறி ரத்தம் வந்திருந்தது, எனக்குத் தெரியவே இல்லை. அப்புறம் மெல்ல எல்லாம் வந்தது. பாறையில் இறங்கும்போது படகு சாய்ந்து உன் பை கடலில் விழுந்ததும், நீ முட்டியளவு தண்ணீரில் இறங்கி எடுத்ததும், அடுப்பருகே வைத்துக் காயவைத்ததில் புத்தகம் ரொட்டி மாதிரி உப்பி முதுகு பிளந்துபோனதும், அதே மாதிரி ஒன்று கிடைக்குமா, அம்மாவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோவாங்க, சொல்லிடாதீங்க அத்தை என்று நீ அவர்களுக்கு எழுதியதும். சொல்லிட்டேனே, என்னை மன்னிச்சிடுங்க என்று என்னிடம் கேட்டார்கள். யாரை யார் மன்னிப்பது. கிளம்பும்போது குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார்கள், என் சின்னக் கத்தி. இது முதல் நாள்லேர்ந்து இங்கதான் கிடக்கு சம்பந்தி, யார் காலையாவது கிழிச்சிடப் போகுது என்றார்கள், படகு புறப்படுகிறது என்று சொல்கிற அதே குரலில். போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் உன் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவன் உன்னை மாதிரிதான், உடைச்சா ஒளிச்சு வைப்பான் என்றார். என் விஷயம் தெரியாமலே சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. இப்போது உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மூன்று பக்கம் அத்தை புராணம் எதற்கு என்று புரிகிறது, நடுவில் எங்காவது சாம்பல் அட்டை எட்டிப் பார்த்துவிடப் போகிறதே என்று மூடி மூடி எழுதியிருக்கிறாய். புத்தகம் நனைந்ததில் எனக்குக் கோபம் இல்லை. கடலுக்குப் போன புத்தகம் நனையாமல் வேறு என்ன செய்யும். பைக்காகத் தண்ணீரில் இறங்கினாயே, அதற்குத்தான் நேரில் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன், இனிமேல் எந்தப் புத்தகத்துக்காகவும் இறங்காதே. எனக்குப் பொறாமை இன்னும் போகவில்லை, ஆனால் இப்போது அது புத்தகத்துக்கு இல்லை. மனது கஷ்டமாக இருந்தபோது நீ பேனாவை எடுத்து அவர்களுக்கு எழுதினாய் பார், அதற்கு. ரகசியத்தைக்கூட அவர்களிடம் கொடுத்துவிட்டாய். நல்லதை வேண்டுமானால் அவர்களிடம் முதலில் சொல், நான் வயிறு எரிந்துகொண்டே கேட்டுக்கொள்கிறேன். கெட்டது என்னிடம் வர வேண்டும்.

குறிப்பெழுதுகிற அம்மா சொன்னபடி தொடங்குகிறேன். புத்தகம் நனைந்துவிட்டது. இதை நீயும் நானும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவது வரி, அதை எனக்கு அனுப்பு. புதிதாகத் தேடாதே, அந்த ஒன்றுதான் உண்டு. வெயிலில் போடாதே, மேலே கனம் வைத்து அமுக்காதே, உப்புப் பூத்திருந்தால் தட்டாதே, எதையும் ஒட்ட முயற்சி பண்ணாதே, உன் ஒட்டு எனக்குத் தெரியும், அறிவியல் படத்தை ஒட்டி மேஜையையும் சேர்த்து ஒட்டியவன் நீ. உதிர்ந்த துண்டு நகக்கண் அளவு இருந்தாலும் தனி உறையில் போடு. அச்சு இல்லாத வெள்ளைத் தாளில் சுற்றிக் கட்டு, முடிச்சுப் போடத்தான் உனக்குத் தெரியுமே. முப்பத்தோரு வருஷமாக யார் யாரோ உடைத்ததை எல்லாம் என் மேஜையில் கொண்டுவந்து வைக்கிறார்கள், நாய் கடித்தது, குழந்தை கிழித்தது, காப்பி கொட்டியது, ஒருத்தர்கூட என்னிடம் சாக்கு சொன்னதில்லை, நானும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. ஊரார் பிள்ளைகள் உடைத்ததை ஒட்டுகிறவள், என் பிள்ளை உடைத்ததை ஒட்ட மாட்டேனா.

நீல அட்டையும் பச்சை முதுகும் நூலக விதிப்படி வெளியூர் அனுப்ப முடியாது, முக்கியமான பக்கங்களைக் கையால் எழுதி அடுத்த தபாலில் வைக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்றே போட்டுவிட வேண்டும், ஏன் என்றால் நீல அட்டையை உன் அத்தை கடன் வாங்கிப் போயிருக்கிறார்கள், பாதி முடித்துவிட்டார்களாம், அற்புதமா இருக்கு, மாப்பிள்ளைக்கு எழுதணும் என்று ரப்பர் ஸ்டாம்பிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கடிதம் முதலில் வந்தாலும் அதைச் சொன்னது நான், நினைவில் வைத்துக்கொள். தையல் அறுத்த கதையை மருமகளிடம்கூடச் சொல்லாதே, உன் அத்தைக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும், அது அந்த அளவில் இருக்கட்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், கால் நனையாமல், ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கூடவே முழங்காலுக்கு அங்கே தைலம் ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்கச் சொன்னார்.

பசைக் கையோடு,
உன் அம்மா

மறக்காதே, பொட்டலத்தின் மேல் முகவரியில் என் பெயரை எழுது. அத்தை வீட்டு வழியாக அனுப்பினாயோ, பிரிக்கவே மாட்டேன். பிரிப்பேன், ஆனால் அன்றைக்கு முழுக்க உன்னோடு பேச மாட்டேன்.